சொந்த மூச்சுத் திணறல்

வலது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போல வலித்தது. சுண்ணாம்புச் சூளையில் மூட்டை தூக்கிய காலத்து வலியை அவர் வலி என்றே எடுத்துக்கொண்டதில்லை. அது கூலியோடு சேர்ந்து வருவது. இது வேறு. ஒரு ரப்பர் குழாயை வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு பகலெல்லாம் நின்றதில் வந்த வலி. முதுகில் மூட்டையைச் சுமந்தவன், கையில் தண்ணீரைப் பிடித்து முடமாகிவிட்டான் என்று சொன்னால் சூளைக்காரர்கள் சிரித்தே சாவார்கள்.

காகிதத்தில் அவருக்குச் 'சூழல் துணைப் பணியாளர்' என்று பெயர். ஆட்கள் கூப்பிடுவது தண்ணிக்காரர் என்று.

வேலை இதுதான். தேசியக் காற்றுக் கண்காணிப்புத் துறையின் மொட்டை மாடியில் ஒரு கருவி இருந்தது. ஆள் உயர இரும்புப் பெட்டி, பெட்டியின் தலையில் ஒரு குழாய், குழாயின் தலையில் ஒரு தொப்பி. தொப்பி வழியாக ஊரின் காற்றை இழுத்து, அதில் எத்தனை அழுக்கு என்று எண் சொல்லும். நாற்சந்தியில் தொங்கும் பெரிய பலகையில் அந்த எண் ஒளிரும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வட்ட முகம். எண் இறங்கினால் முகம் சிரிக்கும், ஏறினால் அழும். முகம் அழக்கூடாது. அதற்காகக் கருவியைச் சுற்றி நாலாபக்கமும் தூறல் போலத் தண்ணீர் பீச்சித் தூசியை அடக்கிவைக்க வேண்டும். அதற்குத்தான் அவர்.

முதலில் கருவியை நாற்சந்தியிலேயே வைத்திருந்தார்களாம். சுண்ணாம்பு லாரி திரும்புகிற இடம். உள்ளே இருக்கும் வெள்ளை வடிதாள் ஒரே நாளில் கரித்துணியாகிவிட்டது. மறுநாள் புதுத் தாள், அதுவும் கரி. தணிக்கைக்காரர் வந்து, மக்கள் பணத்தில் வாங்கிய வெள்ளைத் தாளைக் கறுப்பாக்கியது யார் என்று கேட்டார். விசாரணைக் குழு போட்டார்கள். குழு தீர விசாரித்து, குற்றவாளி காற்றுதான் என்று கண்டுபிடித்தது. காற்றின் மேல் நடவடிக்கை எடுக்கத் துறைக்கு அதிகாரம் இல்லை. ஆகவே கருவியின் மேல் எடுத்தார்கள். அதற்கு மாடிக்கு இடமாற்றம் கிடைத்தது. கூடவே, கருவியோடு வந்த கையேட்டில் ஒரு வரியையும் யாரோ கண்டெடுத்தார்கள்: 'கருவியைத் தூய்மையான சூழலில் வைத்துப் பராமரிக்கவும்.' அந்த வரியைச் சட்டம் போட்டு இயக்குநரின் அறையில் மாட்டினார்கள். அன்றிலிருந்து காற்றை அளப்பது துறையின் இரண்டாவது வேலையாகவும், காற்று படாமல் கருவியைக் காப்பது முதல் வேலையாகவும் ஆனது.

தண்ணிக்காரரின் மனைவி அந்தக் கருவியைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

"என்னங்க, சக்களத்திக்கு இன்னிக்குத் தலைக்கு ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன், ஊத்தினேன்."

"எத்தனை லாரி தண்ணி?"

"மூணு."

"இங்க குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. அவ குளிக்க மூணு லாரி. கொடுத்து வச்சவ." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறும். இருமல் முடியும்வரை அவர் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். உள்ளங்கையில் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படும்.

அவள் காலி சிமெண்டுச் சாக்கு உதறுகிற இடத்தில் வேலை செய்தவள். உதறி, மடித்து, கட்டு கட்டி அனுப்ப வேண்டும். சாக்கு சுத்தமாகும், அதில் இருந்ததெல்லாம் உதறுகிறவளுக்குள் போகும். குடியிருந்ததோ சூளைத் தெரு. ராத்திரி கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் காலையில் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

அரசாங்க மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நுரையீரல் சாக்கு மாதிரி ஆயிடுச்சும்மா" என்றாள்.

"அப்ப அதையும் கொஞ்சம் வெளிய எடுத்து உதறிக் குடுத்துடுங்களேன் டாக்டர்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வீட்டுல ஆக்ஸிஜன் மெஷின் வேணும். மெஷின் இருந்தா நாள் தள்ளலாம். இல்லன்னா கஷ்டம்" என்று தண்ணிக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "வெளியில வாங்க உங்களால முடியாது. மூச்சுக் காப்புத் திட்டத்துல அரசாங்கமே இனாமாத் தருது. ஆனா காத்து மோசமான பகுதியில குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான். காத்துத் துறையில ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுங்க."

தண்ணிக்காரருக்கு வாயெல்லாம் பல். "நான் வேலை பாக்குற இடமே அதுதான் டாக்டர்!"

அடுத்த நாள் குழாயைக் கீழே வைத்துவிட்டு, ஈரச் சட்டையோடு சான்றிதழ் ஜன்னலில் போய் நின்றார். எழுத்தர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கணினியைத் தட்டினார்.

"எந்தப் பகுதி?"

"சூளைத் தெரு சார்."

"தெருவுக்கெல்லாம் எண் கிடையாது அண்ணே. ஊருக்கே ஒரு எண். மாடி எண். அது என்ன சொல்லுது பாருங்க, திருப்திகரம்."

"சார், தெருவுக்கு வந்து ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. என் சம்சாரத்துக்கு மூச்சு விட முடியல."

"காத்து திருப்தியா இருக்கிற ஊர்ல ஒருத்தருக்கு மூச்சுத் திணறுதுன்னா, அது சொந்த மூச்சுத் திணறல். அரசாங்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"காத்து திருப்தியா இருக்கிறதே நான் தண்ணி பீச்சுறதாலதான் சார்!"

"யாரு இல்லன்னா? நல்லாப் பீச்சுறீங்க. மேலதிகாரிங்க கூடச் சொன்னாங்க." எழுத்தர் கைக்குட்டைக்குள் இரண்டு முறை இருமிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தண்ணிக்காரர் மாடிக்குப் போய்க் குழாயை எடுத்தார். அன்றைக்குத் தண்ணீர் பீச்சும்போது கை கூசியது. ஒவ்வொரு பீச்சலுக்கும் நாற்சந்தியில் ஒரு முகம் சிரிக்கிறது, சூளைத் தெருவில் ஒருத்திக்கு மெஷின் இல்லை என்று ஆகிறது. இந்த இரண்டையும் ஒரே கையால் செய்துகொண்டிருக்கிறோமே என்று யோசித்தார். யோசித்தபடியே பீச்சினார். வேலை அப்படி.

இயக்குநரைப் பார்க்கப் பத்து நாள் அலைந்தார். கடைசியில் உள்ளே விட்டார்கள். அறையின் நாலு மூலையிலும் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. ஜன்னல் இடுக்குகளில் பட்டை ஒட்டியிருந்தது.

"கதவை மூடு, கதவை மூடு! வெளிக் காத்து வருது" என்று பதறினார் இயக்குநர். பிறகு நிதானமாகி, "உட்காருப்பா. வேணாம், சட்டை ஈரமா இருக்கு. நின்னுக்கிட்டே சொல்லு."

"ஐயா, ஒரே ஒரு நாள் குழாயை மூடிட்டு அளந்தீங்கன்னா..."

இயக்குநருக்குக் கோபம் வரவில்லை. பொறுமையான மனிதர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார்.

"பாருப்பா, அந்தக் கருவி வெளிநாட்டுக்காரன் குடுத்தது. நம்மள நம்பிப் பொண்ணு குடுத்த மாதிரி. வந்த இடத்துல அது மூச்சு முட்டி நின்னா பெத்தவன் என்ன நினைப்பான்? ஊர்க் காத்து எப்படின்னு எனக்குத் தெரியாதா? எனக்கும் மூக்கு இருக்கு. ஆனா தெரியுறது வேற, அளக்குறது வேற. தெரிஞ்ச விஷயம் நமக்குள்ள இருக்கும். அளந்துட்டா ஊர் சிரிக்கும். ஊர் சிரிச்சா சூளையை மூடச் சொல்லுவான். சூளையை மூடினா உன் தெருவுல அடுப்பு எரியுமா? ஒரு விதத்துல பார்த்தா, உன் சம்சாரம் மூச்சு விடாம இருக்கிறதாலதான் நீங்கல்லாம் சாப்பிடுறீங்க."

தண்ணிக்காரருக்கு இதில் எங்கேயோ இடித்தது. எந்த இடத்தில் என்று பிடிபடுவதற்குள் இயக்குநர் மேசையைத் தட்டினார்.

"ஆனா நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. நல்ல காத்து எங்க இருக்கு? மாடியில. உன் சம்சாரம் எங்க இருக்காங்க? தெருவுல. அப்ப தப்பு காத்து மேல இல்லப்பா, அவங்க இருக்கிற இடத்து மேல. கூட்டிட்டு வா. கருவி பக்கத்துலேயே உட்காரட்டும்."

உத்தரவு அச்சாகி வந்தது. 'கருவி சுவாசிக்கும் காற்றையே சுவாசிக்கப் பயனாளிக்குத் தற்காலிக அனுமதி. பயனாளி கருவியைத் தொடக்கூடாது. கருவியை விட அதிகமாகச் சுவாசிக்கக்கூடாது.'

அவளால் படியேற முடியாது. முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"மூட்டையை விட லேசா இருக்கேனா?" என்று காதுக்குள் கேட்டாள்.

"சாக்கு மட்டும்தான் இருக்கு. உள்ள சரக்கையே காணோம்."

"சரக்கெல்லாம் மொதலாளி எடுத்துக்கிட்டாரு."

மாடியில் கருவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு பிளாஸ்டிக் துணியைப் போர்த்திவிட்டுத் தண்ணீரைத் திறந்தார். தூறல் இறங்கியது. அவள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் தோள் ஏறி இறங்குவது நின்று, நெஞ்சு மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது. உதட்டில் பழைய நிறம் எட்டிப் பார்த்தது. உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். மல்லாந்து படுக்க முடியாமல் மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து கிடந்தவள், வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினாள். அவர் குழாயைப் பிடித்தபடி அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றார். தோள் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டார்.

"சக்களத்தி வீட்டுலதான் சுகம்" என்றாள் எழுந்ததும்.

விஷயம் தெருவுக்குப் போகாமல் இருக்குமா? சாக்கு உதறும் பெண்கள் வந்தார்கள். சூளைக்காரர்கள் வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். காவலாளி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், "சும்மா, கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் போகலாம்னு" என்றார்கள். மாடிப்படியில் வரிசை நின்றது. மேலே போனவர்கள் இறங்கி வர மனமில்லாமல் நின்றார்கள்.

பலகையில் எண் லேசாக ஏறியது. கருவிக்காரர் ஓடி வந்தார். பெட்டியைத் திறந்து மூடும் தொழில்நுட்ப ஆள் அவர். கருவியைச் சுற்றி வந்து, ஆட்களை முகர்ந்து பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்தார்: இவர்கள் மூச்சு விடுகிறார்கள். உள்ளே இழுப்பது நல்ல காற்று, வெளியே விடுவது பயன்படுத்திய காற்று. மக்கள் மூச்சு விடுவதால் ஊரின் காற்று கெடுகிறது என்று அறிக்கை எழுதினார். இயக்குநர் அதன் கீழே, 'நீண்டகாலமாக நான் சந்தேகித்ததுதான்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மாடிக் கதவில் பலகை தொங்கியது. 'இங்கு மூச்சு விடாதீர்கள். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். பணியாளர்கள் அவசியத்துக்கு மட்டும்.'

அவளுடைய அனுமதியும் போயிற்று. திரும்ப முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். பாதிப் படியிலேயே அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. இந்த முறை காதுக்குள் பேச்சு இல்லை, விசில் மட்டும்தான்.

மறுநாள் காலையில் தண்ணிக்காரர் மாடிக்குப் போனார். குழாயை எடுத்தார். பார்த்தார். கீழே போட்டுவிட்டு, வால்வைத் திருகி மூடினார். வாழ்க்கையில் வேலை நேரத்தில் வேலை செய்யாமல் நின்றது அதுதான் முதல் தடவை. கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சுண்ணாம்புப் புகை மெல்ல மாடியேறி வந்தது. கருவி அதை இழுத்தது. அவர் கீழே இறங்கி நாற்சந்திக்கு ஓடினார். பலகையில் எண் ஏறியது. சிரித்த முகம் வாயை மூடியது. பிறகு உதட்டைப் பிதுக்கியது. பிறகு சிவந்து, அழுதது. அப்படி ஒரு முகம் அந்தப் பலகைக்குள் இருப்பதே ஊருக்குத் தெரியாது. லாரிகள் நின்றன. முக்காட்டால் மூக்கை மூடிய ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "அட, நமக்காகவும் ஒருத்தன் அழுறானே" என்றாள்.

மூச்சிரைக்கச் சான்றிதழ் ஜன்னலுக்கு ஓடினார். "இப்பக் குடுங்க சார்! எண் சிவப்பாயிடுச்சு!"

எழுத்தர் கருவிக்காரரைக் கூப்பிட்டார். கருவிக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், பலகை முகம் போலவே.

"இது தப்பான எண்."

"எப்படி சார் தப்பு?"

"காத்து இவ்வளவு மோசமா இருந்தா மனுஷன் உயிரோட இருக்க முடியாது. ஊர்ல எல்லாரும் உயிரோட இருக்காங்க. அப்ப எண் தப்புதானே?"

"செத்துக்கிட்டுத்தான் சார் இருக்கோம்."

"அப்படித் தவணையில செத்தா கணக்குல வராதுப்பா. ஒரே நாள்ல, மொத்தமாச் சாகணும்." கருவிக்காரர் கணினியில் குனிந்தார். "தப்பான எண் வந்தா அதை எடுத்துட்டு, முன்னாடி இருந்த நல்ல நாளோட எண்ணைப் போடணும்னு விதி இருக்கு. இதோ போட்டாச்சு."

வெளியே நாற்சந்தியில் முகம் சிரித்தது.

தண்ணிக்காரரை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனார். இயக்குநர் எழுந்து வந்து தோளில் தட்டினார், வலிக்கிற தோளில்.

"குழாயை மூடினது நீதானே? பிரமாதம்! இத்தனை நாளா இது யாருக்கும் தோணலையே. நல்ல எண் வர்றதுக்குத் தண்ணியே வேணாம். நல்ல எண்ணைப் போட்டாலே போதும். மூணு லாரித் தண்ணி மிச்சம்! துறைக்கே புது வழி காட்டிட்டப்பா."

"ஐயா, அப்ப சான்றிதழ்..."

"இனிமே இந்த ஊருக்குச் சான்றிதழே தேவைப்படாது. அதானே சந்தோஷம்!"

அவரை விழாப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாட்டிலேயே திருப்தியான காற்று உள்ள ஊர் என்று அந்த ஊருக்கு விருது வந்துவிட்டது. அமைச்சர் வந்து வாங்கப்போகிறார். அமைச்சருக்குத் தூசி ஆகாது. மேடையைச் சுற்றித் தண்ணீர் பீச்ச ஓர் ஆள் வேண்டும்.

விழாவன்று விடிந்தபோது மனைவியின் நகமெல்லாம் நீலம். பேச முடியவில்லை. கண்ணால் பேசினாள். எதிர்க் கடை வெல்டிங்காரர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய், தன் கடையிலிருந்து ஒரு சிலிண்டரைத் தரையில் உருட்டிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இது இரும்பு வெட்டுற ஆக்ஸிஜன். மனுஷங்களுக்கு ஆகுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா அண்ணி இப்படிக் கிடக்கிறதைப் பார்த்துட்டு என்னால அங்க உட்கார முடியல. எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். அப்புறமா ஒரு சிலிண்டர் வாங்கிக் குடுங்க."

கடையில் கிடந்த ரப்பர் குழாயைச் சொருகி, ஒரு பிளாஸ்டிக் கோப்பையை வெட்டி மூக்கில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இரண்டு வார்த்தைக்கு மூச்சு கிடைத்தது.

"இரும்பு வெட்டுற காத்தா தம்பி? அப்ப எனக்குச் சரியாத்தான் இருக்கும்." பிறகு கணவனிடம், "போங்க. வேலை போயிடும்."

"நான் பாத்துக்கிறேன், போயிட்டு வாங்கண்ணே" என்றார் வெல்டிங்காரர். சிலிண்டர் தலையில், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் முள்ளைக் காட்டி, "சீக்கிரம் வாங்க" என்றும் சொன்னார்.

அமைச்சர் தாமதமாக வந்தார். விருதை வாங்கினார். பேசினார்.

"இந்தச் சாதனை ஒரு நாளில் வந்ததல்ல. முன்பெல்லாம் நாம் காற்றைச் சுத்தமாக்க வேண்டும் என்று நினைத்து நேரத்தை வீணடித்தோம். காற்று எல்லாருக்கும் பொதுவானது, அதை யாராலும் சுத்தமாக்க முடியாது. எண் நம்முடையது. நம்முடையதை நாம் சுத்தமாக வைத்துக்கொண்டோம்!" கைதட்டல். அமைச்சர் இருமினார். விரலை அசைத்து, இன்னும் கொஞ்சம் பீச்சு என்று காட்டினார். தண்ணிக்காரர் பீச்சினார். "இன்று இந்த நாட்டில் மூச்சு விடுவதில் யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. சிரமப்படுகிறேன் என்று சொல்கிறவர்கள் முயற்சி செய்வதில்லை, அவ்வளவுதான்!"

தூறலுக்குள் பேசுவது அமைச்சருக்குப் பிடித்துப் போயிற்று. தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று மைக்கிலேயே சொன்னார். பேச்சை நீட்டினார். தண்ணிக்காரர் தெருப்பக்கம் பார்த்துப் பார்த்துப் பீச்சினார். மேடைக்குப் பின்னாலிருந்து இயக்குநர், "கையை இறக்காதப்பா, கையை இறக்காத" என்று சைகை காட்டினார்.

வீட்டுக்கு ஓடி வந்தபோது வெல்டிங்காரர் வாசலில் நின்றிருந்தார். வேலைக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை முகத்தில் மாட்டியிருந்தார். கழற்றவில்லை. உள்ளே அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். கோப்பை மூக்கிலேயே இருந்தது. சிலிண்டரின் முள் அடியில் படுத்துக் கிடந்தது.

"கடைசி வரைக்கும் முள்ளையேதான் பாத்துக்கிட்டு இருந்தாங்கண்ணே" என்றார் வெல்டிங்காரர்.

இறப்பைப் பதிவு செய்யப் போன இடத்தில், மூச்சுத் திணறல் என்று எழுத முடியாது என்றார்கள். அன்றைய எண் திருப்திகரம், ஊர் விருது வேறு வாங்கியிருக்கிறது. வேறு என்ன எழுதுவது என்று இரண்டு பேர் கலந்து பேசினார்கள். கடைசியில், 'மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டார்' என்று எழுதினார்கள். வேலையிலிருந்து தானாக நின்றுகொண்டவளைப் பற்றி எழுதுவது போல இருந்தது. தண்ணிக்காரர் கைநாட்டு வைத்தார்.

விழாக்கள் அதிகமாகிவிட்டன. அவருக்கு ஓய்வில்லை. வெல்டிங்காரரின் கடையில் பாதி வெட்டிய இரும்புக் கதவு ஒன்று சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது. முழுசாக வெட்டக் காற்று இல்லை. கடந்து போகும்போது, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று மட்டும்தான் கேட்கிறார். வேறொன்றும் கேட்பதில்லை. இவரும் தலையைக் குனிந்துகொண்டு, சாப்பிட்டேன் என்கிறார்.

வெல்டிங்காரருக்கு ஒரு சிலிண்டர் ஆக்ஸிஜன் தர வேண்டியிருக்கிறது.